பின் சீட்டுத் தலையணை

அம்மா என் காரில் ஏறும்போதெல்லாம் ஒரு தலையணையைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்தார். முதல் தடவை, தூரப் பயணம் என்பதால் சாய்ந்துகொள்ள எடுத்து வருகிறார் என்று நினைத்தேன். அப்புறம் உக்கடத்துக்குக் காய் வாங்கப் போகும்போதும் தலையணை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வந்தது. அதைச் சீட்டின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடு வரை எந்தெந்த இடத்தில் வேகத்தடை இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பத்தடிக்கு முன்னாலேயே முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனையும் கண்ணாடியில் எனக்குத் தெரியும். தெரிந்தே ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓட்டினேன். காரின் சஸ்பென்ஷனை மாற்ற ஆசைப்படும் தம்பிகள் சிலர் இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த தவற்றை அவர்களுக்காகவாவது ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

கோயம்புத்தூர்க்காரனுக்கு ரேஸ் ஆசை வரத் தனிக் காரணம் வேண்டியதில்லை. இந்த ஊர்த் தொழிலதிபர் கரிவர்தன் பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டியவர். 1995இல் அவர் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003இல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. 2005இல் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்தான். பம்ப் செட் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, சொந்தக் காரை அந்த டிராக்கில் ஓட்டிப் பார்ப்பது பல நாள் கனவு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பணம் கட்டி உள்ளே போனேன்.

ஆறு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கியபோது கை நடுங்கியது. சந்தோஷ நடுக்கம். வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன் சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்காமல் வெளியே வெளியே ஓடியது. குனிந்து முன் டயரைத் தொட்டுப் பார்த்தேன். வெளி ஓரம் கையில் அரம் மாதிரி உராய்ந்தது. பட்டன் பட்டனாக ரப்பர் பிய்ந்திருந்தது. உள் ஓரம் புதிதாக வாங்கியது போலவே இருந்தது. ‘வண்டி சாய்கிறது, அதனால்தான் பிடி இல்லை. சாயாமல் கடினமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று அங்கேயே முடிவு கட்டினேன். அதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியின் மேல்தான் என் பணத்தையெல்லாம் போட்டேன்.

முதலில் செய்தது மலிவான வேலை. ஒரு பட்டறையில் நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டினார்கள். வேலை செய்யும் சுற்று ஐந்து இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 25 சதவீதம் கடினமாகும். காரும் தாழ்ந்து பார்வைக்கு முறுக்காக நிற்கும். ஆனால் டிராக்கில் வித்தியாசமே தெரியவில்லை, காரணம் எனக்கு அப்போது புரியவும் இல்லை. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன் சக்கரத்தை மேலே ஸ்ட்ரட்டும் கீழே லோயர் ஆர்மும் பிடித்திருக்கின்றன. கார் நிற்கும்போது அந்த ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்திருக்க வேண்டும். காரைத் தாழ்த்தினால் ஆர்ம் கிடையாகி, பிறகு மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். காரைத் தாழ்த்தியதால் நெம்புகோலை நானே நீளமாக்கியிருந்தேன். ஸ்பிரிங் கூடுதலாகக் கொடுத்ததை அது தின்றுவிட்டது.

விட்டிருக்கலாம், விடவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும் காயில் ஓவர் செட் வாங்கினேன். முன்னும் பின்னும் 5 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்க 5 கிலோ பாரம் வேண்டும். கம்பெனியில் வந்த முன் ஸ்பிரிங் ஏறக்குறைய 2 கிலோதான். முன் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும்படி கேம்பர் மைனஸ் இரண்டரை டிகிரி, மூக்கு சற்றே வெளியே விரியும்படி டோ 2 மில்லிமீட்டர். இந்த முறை செட்டிபாளையத்தில் கார் கத்தி மாதிரி திரும்பியது. ஒரு ரவுண்டுக்கு இரண்டு விநாடி குறைந்தது. அன்று பிட்டில் நாலு பேர் வந்து கை குலுக்கினார்கள். அதே செட்டிங்கோடு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் ஆபீஸுக்கும் அதே செட்டிங்தான். என் தவறு தொடங்கியது அந்த வீடு திரும்பலில்தான்.

டிராக் என்பது ஒரே சீரான தார். அங்கே குழி இல்லை, ஒட்டுப்போட்ட இடம் இல்லை, பாதாளச் சாக்கடை மூடி இல்லை. நம் ரோட்டில் இவை இல்லாத நூறு மீட்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் முழங்கை அகலத்தில் கரடு மாதிரி நிற்பவை எத்தனை என்று நமக்குத் தெரியும். என் கார் ஒவ்வொன்றிலும் தூக்கிப் போட்டது. டோ வெளியே விரிந்திருந்ததால், லாரித் தடம் பதிந்த ரோட்டில் ஸ்டியரிங் தானாக இப்படியும் அப்படியும் அலைந்தது. 9,000 கிலோமீட்டரில் முன் டயர்களின் உள் ஓரம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்தது. லோயர் ஆர்ம் புஷ் வெடித்தது. அம்மா ஒரே ஒரு தடவை, “ஏங்கண்ணு, இந்த வண்டி முன்ன இப்படிக் குலுக்காதே?” என்று கேட்டார். “ரோடு சரியில்லீங்ம்மா” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தலையணைதான் வந்தது.

ஒரு ஜூலை மாதம் வால்பாறையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பின் சீட்டில் அம்மாவும் சித்தியும், டிக்கியில் சித்தி எடுத்துவந்த மூட்டைகள். நான் வேகமாக ஓட்டவில்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, விஷயமே அதுதான். சாதாரண வேகத்தில், இறக்கத்தில், வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவின் நடுவில் தார் பெயர்ந்து அலை அலையாக இருந்தது. அதைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின் சக்கரம் அந்த அலையில் ஒருமுறை, இருமுறை குதித்தது. மூன்றாவது குதியில் காரின் பின்பக்கம் கைப்பிடிச் சுவரை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெல்ல மறுபடி வைத்ததும் கார் நேரானது. சுவருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். சித்தி முருகனைக் கூப்பிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் முன் சீட்டையும், மறு கையால் சித்தியின் கையையும் பிடித்திருந்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பீளமேட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம் காரைக் கொண்டுபோனேன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், அதாவது 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்பே, பந்தயக் கார்களுக்கு ஸ்பேனர் பிடித்தவர். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, இதுல மாசத்துக்கு எத்தன நாளு ரேஸ் ஓட்டறீங்க?”

“ஒரு நாள்ங்ணா. அதுவும் எல்லா மாசமும் இல்லீங்க.”

“மிச்ச நாளு?”

“ஆபீஸ், வீடு. அம்மாவைக் கூட்டிட்டுப் போவேனுங்க.”

“அம்மா எங்க உக்காருவாங்க?”

“பின்னாலீங்க.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் நாலு எடுத்தார். ஜாக்கி போட்டு, ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டிலும் ஒன்றைச் சுற்றி, நகத்தால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்கி, கீழே உருளையின் வாயோடு ஒட்டி நிறுத்தினார். “பின் சீட்ல ரெண்டு பேர ஏத்திட்டு சிங்காநல்லூர் வரைக்கும் போய்ட்டு வாங்க” என்றார். பட்டறைப் பையன்கள் இருவரை ஏற்றிப் போய் வந்தேன். மறுபடி ஜாக்கி போட்டார். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரம் அந்த டேக் மேலே தள்ளப்பட்டிருக்கும். பின் ஷாக் இரண்டிலும் அது உச்சிவரை ஏறி, பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டையில் அழுந்தி நசுங்கியிருந்தது. ரப்பரை அவர் விரலால் கிள்ளினார், பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. “பாருங்க தம்பி, ஸ்பிரிங் வேல செய்யவே இல்ல. இந்தக் கட்டதான் வேல செஞ்சிருக்குது” என்றார். பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூர் போகும் சாதாரண ரோட்டில் இந்தக் கதி. வால்பாறை இறக்கத்தில் என்ன நடந்தது என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாழ்த்திய காரில், பின் சீட்டுப் பாரத்தால் பின்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருந்தது. தார் அலை வந்ததும் ஷாக் கட்டையில் முட்டியது. முட்டிய கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லை என்றாகிவிட்டது. நான் காலை எடுத்ததால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இலகுவானது. டயர் தரையை விட்டுவிட்டது.

அன்றிரவு நான் செய்திருக்க வேண்டிய கணக்கை ஒன்றரை வருடம் தாமதமாகப் போட்டேன். 1,000 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் 1.45 மீட்டர். புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு விசையோடு திரும்பினால் உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்குச் சுமார் 300 கிலோ பாரம் மாறும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை. எத்தனை கிலோ ஸ்பிரிங் போட்டாலும் அந்த 300 கிலோ ஏறக்குறைய அப்படியேதான் மாறும். கார் எத்தனை டிகிரி சாய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும், அந்தப் பாரத்தை முன் டயரும் பின் டயரும் என்ன விகிதத்தில் பங்கு போட வேண்டும் என்பதைத்தான் ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரும் முடிவு செய்கின்றன. ‘சாய்வதை நிறுத்தினால் பிடி வரும்’ என்ற என் நம்பிக்கைக்கு அடித்தளம் அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு என்னை அதிகம் சுட்டது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் காரின் உடம்பு சுமார் 280 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரத்தில் 2 கிலோ ஸ்பிரிங் 140 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். 5 கிலோ ஸ்பிரிங் 56 மில்லிமீட்டர்தான். சக்கரத்துக்கு அடியில் திடீரென்று ஒரு குழி வந்தால், அமுங்கிய ஸ்பிரிங் நீண்டுதான் சக்கரத்தைக் குழிக்குள் இறக்கித் தரையில் அழுத்த வேண்டும். 140 மில்லிமீட்டர் சேமிப்பு இருக்கும் ஸ்பிரிங், ஷாக் அனுமதிக்கும் எல்லை வரை டயரை அழுத்திப் பிடிக்கும். என் ஸ்பிரிங்குக்குக் கையிருப்பு குறைவு. கொஞ்சம் நீண்டதுமே அதன் அழுத்தம் வற்றிவிடும். மிருதுவான ஸ்பிரிங் சொகுசுக்காக வைத்தது என்று எண்ணியிருந்தேன். கரடான ரோட்டில் டயரைத் தரையோடு வைத்திருப்பதே அந்த மிருதுதான். சொகுசும் பிடிப்பும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பலன்கள்.

உடம்புக்குப் பட்டதையும் எண்ணில் பார்த்தேன். சாதாரணக் கார் தன் ஸ்பிரிங்கின் மேல் விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை மேலும் கீழும் ஆடும். அந்த மெதுவான ஆட்டம் உடம்பை உறுத்துவதில்லை. என் கார் இரண்டு தடவைக்கு மேல் ஆடியது. இதில் முன்பக்கம் பின்பக்கம் என்ற விஷயமும் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், ஒரு பெரிய காரில் எடைக்கற்களை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக ஆட வேண்டும் என்று கண்டார். ஒரு மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில், 2.39 மீட்டர் இடைவெளி உள்ள ஸ்விஃப்ட்டில், பின் சக்கரம் 0.14 விநாடி கழித்து அதே மேட்டில் ஏறும். தாமதமாகத் தொடங்கும் பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடிக்கும். அப்போது கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் மட்டமாக அமரும். கார் கம்பெனி வைக்கும் ஸ்பிரிங்கின் அளவுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. அதை நான் ஒரு மதியத்தில் கழற்றி மூலையில் போட்டிருந்தேன்.

அந்த மூலையிலிருந்து அவற்றை எடுக்க முடியவில்லை, வெட்டிவிட்டேனே. புதிதாக நாலு கம்பெனி ஸ்பிரிங் வாங்கினேன். உயரம் பழைய உயரம். கூட நல்ல ஷாக் அப்சார்பர் நாலு. என்னைப் போன்றவர்கள் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்கிறோம், பார்க்க வேண்டியது ஷாக்கை. ஆட்டத்தை அடக்குவது அதுதான். 80,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக் செத்துக் கிடக்கும்போது ஸ்பிரிங்கைக் குறை சொல்வது நியாயமில்லை. முன்பக்கம் கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் ஒன்றரை டிகிரியில் நிறுத்தினேன். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் அலைன்மென்ட்டில் டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். டயரைத் தின்பதில் கேம்பரைவிட டோ மோசம். தினமும் ஓட்டும் காருக்கு அது வெளியே விரியவே கூடாது.

இந்தச் செட்டிங்கோடு செட்டிபாளையத்தில் ஓட்டியபோதுதான் இன்னொரு உண்மை தெரிந்தது. நான் பெருமைப்பட்ட இரண்டு விநாடியில் ஒன்றுக்கு மேல் அப்படியே இருந்தது. அப்படியானால் அதைக் கொடுத்தது கேம்பர், 5 கிலோ ஸ்பிரிங் இல்லை. ஸ்ட்ரட் உள்ள கார் சாயும்போது வெளிச் சக்கரமும் சேர்ந்து வெளியே சாய்ந்து டயரின் ஓரத்தில் நிற்கிறது. அந்த ஓரத் தேய்மானத்துக்கு மருந்து கேம்பர்தான். முதல் நாளே என் விரல் அதைத் தொட்டுப் பார்த்தது, மனசுதான் ஒப்புக்கொள்ளவில்லை.

டிராக்குக்கே ஒதுக்கிய கார் வைத்திருப்பவருக்குக் கடினமான ஸ்பிரிங் தப்பே இல்லை. சீரான தாரில், பின் சீட்டைக் கழற்றிவிட்ட காரில், அது தன் வேலையைச் செய்யும். ரோட்டில் ஓடும் காரில் வேறு கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. கம்பெனி அளவை மாற்றும் வேலைகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மாட்டும். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் என்னைத் தடுத்திருக்க வேண்டியது சட்டம் இல்லை. பெரியவர் கேட்ட அந்த மூன்று கேள்வியை நானே என்னிடம் கேட்டிருந்தால் போதும். வருடத்துக்கு 11,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதில் டிராக்கில் ஓடுவது 300 கூட இருக்காது. அந்த முந்நூறுக்காக மற்ற எல்லாக் கிலோமீட்டரையும் அம்மாவின் முதுகெலும்பின் மேல் ஓட்டியிருக்கிறேன். ரோடு சரியில்லை என்று அவரிடம் பொய்யும் சொல்லியிருக்கிறேன். ரோடு எப்போதும் போலத்தான் இருந்தது.

இப்போது டிராக்குக்கும் வீட்டுக்கும் நடுவே நான் மாற்றுவது காற்றை மட்டும்தான். ரோட்டுக்கு 30 பி.எஸ்.ஐ. வைத்திருப்பேன். டிராக்கில் டயர் சூடேறி ஏழெட்டு கூடிவிடும் என்பதால் காலையிலேயே 27க்கு இறக்கிவிட்டு, ரவுண்டுக்கு ரவுண்டு அளந்து பார்ப்பேன். போன மாதம் ஓட்டி முடித்து, டயர் ஆறும் வரை நிழலில் காத்திருந்து, வரும் வழியில் பெட்ரோல் பங்க்கில் நாலுக்கும் முப்பது வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பொள்ளாச்சியில் ஒரு வரவேற்புக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கிணத்துக்கடவு தாண்டி ஒரு வேகத்தடையில் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் கை மடியில் இருந்தது. தலையணையும் இருந்தது, அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். “இனி அது வேண்டாங்ம்மா” என்று நான் சொல்லவில்லை. அது எப்போது வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும்.